பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் தொடர்பைப் பொறுப்பெடுத்தால்: யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் யாரையாவது பிடித்து "எங்கே படித்தனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டம் எடுத்தவர், முதுமாணி முடித்தவர், கலாநிதி என்று யாராக இருந்தாலும் முதலில் வாயில் வருவது பள்ளிக்கூடத்தின் பெயர்தான். மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் 1904இல் இருந்து நடக்கிற துடுப்பாட்டப் போட்டிக்கு மார்ச் மாதத்தில் ரொறன்ரோவில் இருந்து டிக்கெட் எடுத்து வந்து, வெயிலுக்குள் தொப்பியோடு நின்று கத்துகிற மனிதருக்குத் தான் பட்டம் எடுத்த பீடத்தின் இப்போதைய பீடாதிபதி யார் என்று தெரியாது. அதை ஒரு குறையாகவும் அவர் நினைக்க மாட்டார்.

பல்கலைக்கழகம் ஒன்றில் பழைய மாணவர் தொடர்பு வேலை உங்கள் கையில் வந்தால் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். பள்ளிக்கூடத்தில் 13 வருடம், அதே ஊர், அதே வெள்ளை உடுப்பு. பல்கலைக்கழகத்தில் நாலு வருடம், அதிலும் ஒரு தலைமுறைக்கு அந்த நாலு வருடம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. 1995 ஒக்டோபர் 30இல் போரால் வலிகாமமே எழும்பிப் போனபோது பாதிப் பாடத்தோடு சைக்கிளில் கிளம்பியவர்கள் இருக்கிறார்கள். நாலு வருடப் பட்டத்தை ஆறு, ஏழு வருடம் இழுத்தவர்கள் இருக்கிறார்கள். பாசம் இல்லாமல் இல்லை, அந்தப் பாசம் போய்ச் சேர ஒரு விலாசம் இல்லை. அந்த விலாசத்தை உண்டாக்குவதுதான் உங்கள் வேலை. காசு சேர்ப்பது இல்லை. காசு வரும், ஆனால் அது பிறகு.

நான் இங்கே இரண்டு மூன்று பட்டதாரிச் சங்கங்களுக்குச் செயலாளராகவும், அதைவிடக் கூடுதலாகப் பெயர்ப்பட்டியல் எழுதுகிற ஆளாகவும் இருந்திருக்கிறேன். எந்தச் சங்கம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் கீழே என்னுடைய பிழைகளும் வரும்.

பதவியை ஏற்க முன்னம்

துணைவேந்தர் கூப்பிட்டு "நீங்கள்தான் பொருத்தமான ஆள்" என்று சொல்லும்போது சந்தோசத்தில் தலையாட்டி விடாதீர்கள். மூன்று விசயம் கேளுங்கள். பதிவாளர் பகுதியில் உள்ள பட்டமளிப்புப் பட்டியல்களைப் பார்க்க எனக்கு எழுத்தில் அனுமதி தருவீர்களா? வெளியில் இருந்து காசு வந்தால் பற்றுச்சீட்டு எழுதுவது நிதியாளரா, சங்கத்தின் பொருளாளரா? நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

மூன்றாவதுதான் முக்கியம். எங்கள் பக்கம் இந்த வேலை பெரும்பாலும் ஒரு விரிவுரையாளருக்குக் கற்பித்தலுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படும். அது பரவாயில்லை, ஆனால் முழுநேர எழுதுவினைஞர் ஒருவராவது வேண்டும். விரிவுரையாளர் சோதனைத் தாள் திருத்தப் போனால் அந்த மாதம் முழுக்கத் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது, வெளிநாட்டில் இருந்து எடுத்தவர் இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு அதோடு விட்டுவிடுவார்.

இன்னொன்று: பல்கலைக்கழகத்தின் அலுவலகம் வேறு, பழைய மாணவர் சங்கம் வேறு. சங்கத்துக்குத் தன் யாப்பு, தன் தேர்தல், தன் சண்டை எல்லாம் உண்டு. அதற்குள் நீங்கள் தலைவர் ஆகப் போகாதீர்கள். தலைவர்கள் மாறுவார்கள், பட்டியல் மாறாமல் இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கதை. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. 1821இல் அதன் தலைவர் ஒரு பகுதி மாணவர்களையும் கூட்டிக்கொண்டு புதுக் கல்லூரி தொடங்கப் போய்விட்டார். பழைய கல்லூரி மூடப்படப் போகிறது என்ற பயத்தில்தான் அங்கே படித்து முடித்தவர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள், உலகின் மிகப் பழைய பழைய மாணவர் சங்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். இடம் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் என்றால் என்ன என்று எங்கள் ஆக்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

முதல் வேலை: பெயர்ப்பட்டியல்

முதல் ஆறு மாதம் இதைத் தவிர வேறு ஒன்றும் செய்யாதீர்கள். விழா வேண்டாம், இலச்சினை வேண்டாம், இணையத்தளம் வேண்டாம். ஒரு கூகுள் ஷீட் போதும்.

யார் உங்கள் பழைய மாணவர் என்பதே லேசான கேள்வி இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையே எடுங்கள். 1974 ஒக்டோபர் 6இல் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத்தான் அது திறக்கப்பட்டது. தனிப் பல்கலைக்கழகம் ஆனது 1979 ஜனவரி 1இல். ஆகவே ஆரம்ப அணிகளில் வெளியேறியவர்களின் சான்றிதழில் வேறு பெயர் இருக்கும், "நான் உங்கட ஆள்தானா?" என்று அவர்களே கேட்பார்கள். வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1இல் இருந்து தனிப் பல்கலைக்கழகம். அதற்கு முன் அங்கே படித்தவர் யாருடைய ஆள்? இரண்டு பேருடைய ஆளும்தான், இரண்டு பட்டியலிலும் போடுங்கள், சண்டை பிடிக்க இதில் ஒன்றும் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயமும் பொறியியலும் படித்தவருக்குத் திருநெல்வேலியின் பரமேஸ்வராச் சந்தி ஒரு ஞாபகமே இல்லை, மருதனார்மடத்தில் இசையும் நடனமும் படித்தவரின் உலகம் இன்னொன்று. "எங்கள் வளாகத்து மரநிழல்" என்று எல்லாருக்கும் ஒரே கடிதம் எழுதினால் பாதிப் பேருக்கு எந்த மரம் என்று விளங்காது. வெளிவாரியாகப் பட்டம் எடுத்தவர்களை யாரும் கணக்கெடுப்பதே இல்லை. எடுங்கள். ஒரு தரம் கூப்பிட்டாலே அவர்கள் வருவார்கள், ஏனென்றால் இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

இனிப் பெயர். இங்கேதான் தலைவலி. எங்களுக்குக் குடும்பப்பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அது விரியும்போது ஒருவருக்குத் தகப்பன் பெயர் கடைசிப் பெயராகும், இன்னொருவருக்குத் தன் சொந்தப் பெயரே கடைசிப் பெயராகும், அலுவலகத்தில் அவரைத் தகப்பனின் பெயரால் கூப்பிடுவார்கள், அவரும் பழகியிருப்பார். பெண்கள் கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயரோடு போய்விடுவார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே சிவகுமாரன் நாலு விதமாக எழுதப்படுவார். ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள். பதிவிலக்கம் இருந்தால் அதுதான் ராசா. இல்லாவிட்டால் பீடம், ஊர், பள்ளிக்கூடம், உயர்தரம் எடுத்த வருடம், இந்த நாலும் சேர்ந்தால் ஆள் தப்ப முடியாது.

ஏன் உயர்தர வருடம் என்று கேட்பீர்கள். கல்வியாண்டு ஒன்று, உள்ளே வந்த வருடம் ஒன்று, வெளியே போன வருடம் ஒன்று, பட்டமளிப்பு விழா நடந்த வருடம் இன்னொன்று என்று எங்கள் ஆக்களுக்கு நாலும் பொருந்தாது. "எப்ப வெளியேறினீங்கள்?" என்று கேட்டால் யோசிப்பார்கள். "ஏ.எல். எந்த வருசம்?" என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வார்கள்.

ஷீட்டில் இந்த நிரல்கள் போதும்: படிக்கும்போது இருந்த பெயர், இப்போதைய பெயர், தமிழில் எப்படி எழுதுவார், பதிவிலக்கம், பீடமும் துறையும், உயர்தர வருடம், பள்ளிக்கூடம், ஊர், இருக்கும் நாடு, தொலைபேசி, மின்னஞ்சல், கடைசியாக யார் எப்போது கதைத்தது, என்ன கதைத்தது. கடைசி நிரலை எல்லாரும் விட்டுவிடுவார்கள், ஆனால் அதுதான் தங்கம். "மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறதாம்" என்று நீங்கள் மே மாதம் எழுதி வைத்தால், டிசம்பரில் வேறு ஒருவர் எடுத்துக் கதைக்கும்போதும் "மகள் எப்படிப் படிக்கிறா?" என்று தொடங்கலாம்.

பயத்தை மதியுங்கள்

இது மற்ற இடத்து வழிகாட்டிகளில் இருக்காது. எங்கள் ஊரில் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் என்று ஒரு படிவத்தை நீட்டினால் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் பேனாவை எடுக்க முன் ஒரு கணம் யோசிப்பார். பெயர் எழுதிக் கொடுத்ததால் வந்த வினைகளைக் கண்ட தலைமுறை அது. வெளிநாட்டில் வதிவிட அனுமதிக்காகக் காத்திருக்கிறவர் தான் எந்த நகரத்தில் இருக்கிறார் என்றே சொல்ல விரும்ப மாட்டார். வற்புறுத்தாதீர்கள். "நாடு மட்டும் சொன்னால் காணும், அதுவும் விருப்பம் என்றால்" என்று படிவத்திலேயே அச்சிடுங்கள். எப்படி அங்கே போனீர்கள் என்று ஒருபோதும் கேளாதீர்கள். படம் எடுத்தால் முகநூலில் போட முன் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கு 2018இல் இருந்து அங்கத்தைய விதிகள். சுருக்கமாகச் சொன்னால்: எதற்காக விபரம் எடுக்கிறீர்கள் என்று சொல்லி எடுங்கள், அதற்கு மட்டும் பாவியுங்கள், அழிக்கச் சொன்னால் அழியுங்கள். பட்டியலை யாருக்கும் முழுசாக அனுப்பாதீர்கள், அரசியல்வாதிக்கும் இல்லை, காணி விற்கிற பழைய மாணவருக்கும் இல்லை. இரண்டாவது ஆள் கட்டாயம் வருவார்.

இல்லாதவர்களின் பெயர்

ஒரு தடவை பதிவாளர் பட்டியலில் இருந்து எடுத்த பிறந்த திகதிகளை வைத்து எல்லாருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினேன். தானாகப் போகும்படி செய்திருந்தேன், நல்ல யோசனை என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. ஒரு இலக்கத்தில் இருந்து இரவு பதில் வந்தது. "தம்பி, அவர் 2009இல் இல்லாமல் போயிட்டார். இனி அனுப்ப வேண்டாம். ஆனால் பெயரை வெட்டிப் போடாதேங்கோ."

அன்றைக்கே தானியங்கி வாழ்த்தை நிறுத்தினேன். அதற்குப் பிறகு எந்த அணியின் பட்டியலைத் தொட்டாலும் முதலில் அந்த அணியின் இரண்டு பேரிடம் கொடுத்து "இதில் இல்லாத ஆக்கள் யார்?" என்று கேட்டுவிட்டுத்தான் மிச்ச வேலை. அவர்களின் வரிசையை அழிப்பதில்லை. தனி நிறம், தனிக் குறிப்பு, வீட்டுக்காரர் விரும்பினால் அவர்களின் தொடர்பு. காணாமல் போனவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்: "காலமானார்" என்று நீங்களாக எழுதாதீர்கள். தாய் இன்னும் காத்திருக்கலாம். வெறுமையாக விடுங்கள். ஒன்றுகூடலில் அகவணக்கம் செலுத்தும்போது பெயர்களை வாசிக்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

அணிக்கு இரண்டு பேர்

பழைய மாணவர் என்று ஒரு கூட்டம் இல்லை, பட்ச் என்றுதான் இருக்கிறது. கலைப்பீடம் 86 பட்ச், மருத்துவம் 12ஆவது அணி, இப்படித்தான் ஆக்கள் தங்களைச் சொல்வார்கள். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு தொடர்பாளர்கள் பிடியுங்கள், ஒருவர் ஆண், ஒருவர் பெண். பெண் ஒருவர் இல்லாவிட்டால் அந்த அணியின் பெண்களில் பாதிப் பேரை நீங்கள் கண்டுபிடிக்கவே மாட்டீர்கள், வாட்ஸ்அப் குழுவில் இருந்தாலும் அவர்கள் ஒரு வார்த்தை எழுத மாட்டார்கள். பெண் தொடர்பாளர் தனியாக ஒரு குழு தொடங்கினால் அங்கே இரவு பன்னிரண்டு மணிக்கும் பகிடியும் சிரிப்புமாக இருக்கும்.

யாரைப் பிடிப்பது? அந்த அணியில் பெரிய பதவிக்குப் போனவரை இல்லை. மாணவர் ஒன்றியத் தலைவராக இருந்தவரையும் இல்லை, அவருக்கு அப்போதே பாதிப் பேர் எதிரி. விடுதியில் எல்லாருக்கும் குறிப்புக் கொப்பி இரவல் கொடுத்த ஆள், சுற்றுலாவுக்குக் காசு சேர்த்துக் கணக்குக் காட்டிய ஆள், அவர்தான் வேண்டும். ஒவ்வொரு அணியிலும் ஒருவர் இருப்பார், மூன்று பேரிடம் விசாரித்தால் மூன்று பேரும் ஒரே பெயரைச் சொல்வார்கள்.

தொடர்பாளருக்குப் பெரிய வேலை கொடுக்காதீர்கள். வருடத்துக்கு இரண்டு தடவை பட்டியலைப் பார்த்துத் திருத்துவது, வருடத்துக்கு ஒரு செய்தி அனுப்புவது. அவ்வளவுதான்.

சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் எங்கள் பல்கலைக்கழகத்தில், குறிப்பாக விஞ்ஞான, பொறியியல் பக்கங்களில், நிறையப் பேர் படித்துப் போகிறார்கள். குருநாகலிலும் மாத்தறையிலும் இருக்கிற அவர்களுக்குத் தமிழில் மட்டும் செய்திமடல் போனால் அவர்கள் உங்களுடைய ஆக்கள் இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டதாகத்தான் அர்த்தம். மூன்று மொழியிலும் போடுங்கள். மொழிபெயர்க்க அந்த அணியிலேயே ஆள் கிடைப்பார்.

கேட்காமல் எடுக்கிற தொலைபேசி

ஸ்காபரோவில் இருக்கிற ஒரு பழைய மாணவருக்கு முதல்தரம் எடுத்தேன். நான் யார் என்று சொல்லி முடிக்க முன்னமே அவர் கேட்டது: "எவ்வளவு வேணும், சொல்லுங்கோ." கோபம் இல்லை, களைப்பு. ஊர்க் கோயில், பள்ளிக்கூடம், சனசமூக நிலையம், வாசிகசாலை என்று எல்லாரும் அவருக்கு எடுப்பது அதற்குத்தான்.

"காசு ஒன்றும் வேண்டாம் அண்ணை. உங்கட பட்ச்சில் எட்டுப் பேருடைய பெயர் எங்களிடம் இல்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்று கேட்கத்தான் எடுத்தனான்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு ஒரு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும் கதைத்தார். எட்டில் ஆறு பேரைச் சொன்னார், இருவருடைய தொலைபேசி இலக்கமும் தந்தார், ஒரு விரிவுரையாளர் வகுப்புக்கு வரும்போது எந்த வாசலால் வருவார் என்று காட்டிக் காட்டிச் சொன்னார். அடுத்த கிழமை அவரே எடுத்தார்.

இந்த முறைக்கு நான் வைத்திருக்கிற கணக்கு: ஒருவரிடம் எதையாவது கேட்க முன் மூன்று தடவை ஒன்றும் கேட்காமல் தொடர்பு கொள்ள வேண்டும். ஒன்று பெயர் விசாரிக்க, இன்னொன்று அவருடைய துறையில் நடந்த ஒரு நல்ல செய்தி சொல்ல, மூன்றாவது அவர் சொன்ன ஒரு தகவலால் என்ன நடந்தது என்று சொல்ல. மூன்றாவதுதான் ஆளைப் பிடிக்கும்.

செய்திமடலில் துணைவேந்தர் குத்துவிளக்கு ஏற்றுகிற படம் வேண்டாம். பழைய சிற்றுண்டிச்சாலை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, நீண்ட காலம் இருந்த ஆய்வுகூட உதவியாளர் ஓய்வு பெறுகிறார், வளவுச் சிவன் கோயில் திருவிழா, கைலாசபதி கலையரங்கில் போன மாதம் நடந்த நாடகம், இப்படி எழுதுங்கள். ஓய்வு பெறுகிற ஊழியரைப் பற்றிய செய்திக்குத்தான் எனக்கு ஆகக்கூடப் பதில் வந்தது. பேராசிரியர்களைப் பற்றிய செய்திக்கு இல்லை.

இப்போது படிக்கிற பிள்ளைகள்

பழைய மாணவர் தொடர்பு பட்டமளிப்பு விழாவோடு தொடங்குவதாக நினைப்பது பிழை. இறுதி வருடத்தில் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்குங்கள், முதல் வருடத்திலும் முடிந்தால்.

விபரம் எடுக்கச் சிறந்த இடம் பட்டமளிப்பு ஆடை கொடுக்கிற வரிசை. எல்லாரும் வந்தே ஆக வேண்டும், நின்றே ஆக வேண்டும், கையில் தொலைபேசி இருக்கும். ஒரு கியூஆர் குறியீட்டை அச்சடித்து மேசையில் ஒட்டி, பக்கத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றை நிறுத்துங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலை எடுக்காதீர்கள், அது செத்துவிடும். சொந்த மின்னஞ்சல் எடுங்கள். அதோடு மாறாத ஒரு இலக்கமும் வேண்டும், அது பெரும்பாலும் அம்மாவுடையது. பிள்ளை டுபாய்க்குப் போனாலும் மெல்பேர்னுக்குப் போனாலும் சிம் மாறும், அம்மாவின் இலக்கம் மாறாது. அம்மா எடுத்தால் ஒரு அரை மணித்தியாலம் ஒதுக்கிவிட்டு எடுங்கள்.

பகிடிவதையை (ராகிங்) பற்றியும் ஒரு வார்த்தை. அதில் நொந்து போன பிள்ளைக்குப் பத்து வருடம் கழித்து "எங்கள் இனிய வளாக நாட்கள்" என்று நீங்கள் அனுப்புகிற அழைப்பு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பழைய மாணவர் தொடர்பு அலுவலகம் அதைத் தன் விசயம் இல்லை என்று ஒதுங்கக்கூடாது.

ஒரே நகரத்தில் இரண்டு சங்கம்

இருக்கும். லண்டனில் ஒன்று, லண்டனில் இன்னொன்று. கணக்கில் சண்டை, பதவியில் சண்டை, பழைய இயக்கச் சண்டை, சில இடத்தில் ஒரு கலியாண வீட்டில் தொடங்கிய சண்டை. நீங்கள் நடுவர் இல்லை. இரண்டுக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாள், ஒரே நேரம் அனுப்புங்கள். ஒன்றின் விழாவுக்குத் துணைவேந்தர் சூமில் வந்தால் மற்றதின் விழாவுக்கும் வர வேண்டும். எந்தச் சங்கத்தையும் "உத்தியோகபூர்வ கிளை" என்று எழுத்தில் கொடுக்க முன் நூறு தரம் யோசியுங்கள்.

சூம் நேரம்: யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமை இரவு 7.30 என்று வைத்தால் கோடை காலத்தில் லண்டனில் பின்னேரம் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10 மணி. சிட்னியில் நடுச்சாமம், ஆகவே அவுஸ்திரேலியாக்காரருக்குத் தனியாக ஒரு கூட்டம் வையுங்கள், பாவம். ஒக்டோபர் கடைசியில் லண்டனும் நவம்பர் தொடக்கத்தில் ரொறன்ரோவும் ஒரு மணித்தியாலம் பின்னால் போகும், அதை மறந்து ஒரு தடவை ஐம்பது பேரை நான் வெறும் திரையைப் பார்க்க வைத்திருக்கிறேன்.

ஒன்றுகூடல்

ஊரில் பெரிய ஒன்றுகூடல் வைக்க நல்ல காலம் நல்லூர்த் திருவிழா நாட்கள். 25 நாள் திருவிழா, ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிக்கூட விடுமுறை, எல்லாரும் குடும்பத்தோடு வந்து நிற்பார்கள். ஆனால் தேர், தீர்த்தம் அன்று வைக்காதீர்கள், சாப்பாடு கட்டாயம் சைவம், தங்கும் விடுதிகள் ஆறு மாதத்துக்கு முன்னமே நிரம்பும். கந்தசஷ்டி, திருவெம்பாவை நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள், விரதக்காரரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் உங்களுக்குத்தான் வெட்கம்.

பேச்சுகளை இருபது நிமிடத்துக்குள் முடியுங்கள். பொன்னாடை வேண்டவே வேண்டாம், ஒருவருக்குப் போர்த்தினால் பிறகு எல்லாருக்கும் போர்த்த வேண்டும். ஆக்கள் வருவது தங்கள் பழைய வகுப்பறையில் ஒருக்கால் இருந்துவிட்டுப் போக. அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள், திறப்பு யாரிடம் என்று முதல் நாளே விசாரியுங்கள் (ஞாயிற்றுக்கிழமை திறப்பு வைத்திருக்கிற ஆள் கிடைக்கவே மாட்டார்). தேத்தண்ணியும் வடையும் வகுப்பறைக்குள்ளேயே கொடுங்கள்.

இனிக் காசு

இப்போது கேட்கலாம். ஆனால் எதற்கு என்று தெளிவாக.

எங்கள் ஆக்களுக்குக் கறுப்புக் கல்லில் பெயர் பொறிக்கிற ஆசை உண்டு, அதைப் பழிக்க நான் யார். கட்டடம் கட்ட இலகுவாகக் காசு வரும், கட்டிய கட்டடத்துக்குப் பூச்சு அடிக்க ஒருவரும் தர மாட்டார்கள். ஆகவே கட்டடம் தருகிறேன் என்கிறவரிடம் பத்து வருடப் பராமரிப்புக்கும் சேர்த்துக் கேளுங்கள். "அது அரசாங்கம் பார்க்கும்தானே" என்பார். பார்க்காது என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

தங்கப் பதக்கம் இன்னொரு பொறி. இருபது வருடத்துக்கு முன் ஒருவர் தாயின் பெயரில் ஒரு லட்சம் ரூபாயை நிலையான வைப்பில் போட்டு, வட்டியில் வருடாவருடம் முதல் மாணவருக்குப் பதக்கம் கொடுங்கள் என்பார். பத்து வீத வட்டி என்றாலும் வருடம் பத்தாயிரம், ஒரு பவுண் பத்தாயிரத்தைச் சுற்றி நின்ற காலத்தில் அது சரி. இன்று ஒரு பவுண் இரண்டு லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டது. வட்டியில் இப்போது பூச்சுப் பதக்கம்தான் வாங்கலாம், அதைத் தங்கம் என்று மேடையில் சொல்லிக் கொடுக்க வேண்டிய நிலை. 2022இல் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தாண்டியபோது இப்படி எத்தனையோ நிதியங்கள் கரைந்தன. ஆகவே புது நிதியம் ஏற்கும்போது உடன்படிக்கையில் இரண்டு வரி சேருங்கள்: வட்டியில் ஒரு பகுதி முதலோடு சேர வேண்டும், வட்டி போதாமல் போனால் பரிசின் வடிவத்தை மாற்றப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை உண்டு. கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போது இதைக் கேட்பது லேசு. பிறகு பிள்ளைகளிடம் கேட்க வேண்டி வரும், அவர்களுக்குப் பதக்கமும் தெரியாது, பீடமும் தெரியாது.

வெளிநாட்டில் இருந்து தருபவர்கள் வரிச்சலுகை பற்றிக் கேட்பார்கள். பிரித்தானியாவில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊடாக வரி கட்டுகிற ஒருவர் ஒரு பவுண்ஸ் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் திட்டத்தில் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். கனடாவில் வரிப் பற்றுச்சீட்டு எழுதப் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் போன்ற தகுதி பெற்ற அமைப்புகளால் மட்டும்தான் முடியும். நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிற பற்றுச்சீட்டு அங்கே வரிக்குச் செல்லாது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காசு உங்கள் சொந்தக் கணக்குக்கு ஒரு சதமும் வரக்கூடாது, "அவசரம், பிறகு மாற்றலாம்" என்று யார் சொன்னாலும்.

ஒரு பொருள் வாங்கினால் அதன் படமும் பற்றுச்சீட்டும் முப்பது நாளுக்குள் கொடுத்தவர் கையில் இருக்க வேண்டும். மிச்சம் 1,240 ரூபாய் இருந்தால் அதையும் எழுதுங்கள். அந்த 1,240தான் அடுத்த முறை அவரைத் தர வைக்கும்.

காசில்லாத உதவி

எனக்குக் கேட்டால் இதுதான் காசை விடப் பெறுமதி. வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளையின் சுயவிபரக் கோவையை முப்பது நிமிடம் பார்த்துத் திருத்தித் தருவது, ஆங்கிலத்தில் நேர்முகத்துக்கு ஒருதரம் பழக்கிவிடுவது. "வழிகாட்டி ஆகுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுவார்கள். "ஆறு கிழமை, கிழமைக்கு அரை மணித்தியாலம், ஒரு பிள்ளை" என்று அளந்து கேளுங்கள். பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்: நேரத்துக்கு வா, கமராவைப் போடு, முதல் கூட்டத்திலேயே விசா பற்றிக் கேளாதே.

அமெரிக்காவில் கேஸ் (CASE) என்று சுருக்கமாக அழைக்கப்படும், கல்வி நிறுவனங்களில் இந்த வேலை செய்கிறவர்களுக்கான அமைப்பு (அதுவும் 1974இல்தான் அந்தப் பெயரில் உருவானது, யாழ்ப்பாண வளாகத்தின் வயது), பழைய மாணவர் ஈடுபாட்டை நாலாகப் பிரித்து எண்ணச் சொல்கிறது: நேரம் கொடுத்தவர், நிகழ்வுக்கு வந்தவர், காசு கொடுத்தவர், தொடர்பில் பதில் சொன்னவர். உங்கள் வருட அறிக்கையில் இந்த நாலையும் தனித்தனியாகப் போடுங்கள். காசை மட்டும் போட்டால் பேரவையில் காசைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள். முதல் வருடத்தில் நான் இன்னும் ஒரு எண்ணிக்கை போடுவேன்: திருத்தப்பட்ட பெயர்கள் எத்தனை.

போகும்போது

இந்தப் பதவி மூன்று வருடத்தில் மாறும். புதிதாக வருகிறவர் திரும்பப் பூச்சியத்தில் இருந்து தொடங்குவதுதான் எங்கள் வழக்கம், ஏனென்றால் ஷீட் பழையவரின் சொந்த ஜிமெயிலில் இருக்கும், அவர் ஆராய்ச்சிக்கு வெளிநாடு போயிருப்பார். முதல் நாளே அலுவலகத்தின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி அதில் எல்லாவற்றையும் வையுங்கள். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பதிவாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கடைசி மாதத்தில் புதியவரைப் பக்கத்தில் இருத்தி, ஐந்து தொடர்பாளர்களுக்காவது ஒன்றாக எடுத்துக் கதையுங்கள். "அண்ணை, இனி இவதான்" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை அவவின் கையில் கொடுங்கள்.